பத்து வருஷக் கூட்டம்

யுத்தம் முடிந்த மறுவருஷம், தூத்துக்குடிக் கடற்கரையில் வாரத்துக்கு ஒரு நாள் நான் ஒரு வேலை செய்தேன். ஜனங்களை வட்டமாக உட்காரவைத்து, பத்து வருஷம் கழித்து அவர்கள் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கச் சொல்கிற வேலை. இப்படிச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. அன்றைக்கு எனக்கே நம்பிக்கை இருந்ததில்லை. காலையிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு, நாலரை மணிக்கு உப்பளத்து ஓரமாக ஒன்றரை மைல் நடந்து போவேன். எனக்கே அடுத்த மாதம் என்ன ஆகும் என்று தெரியாது. இந்த லட்சணத்தில் மற்றவர்களுக்குப் பத்து வருஷத்தைத் திறந்து காட்ட வேண்டும்.

இதை ஏற்பாடு செய்தது ஊரில் இருந்த ஒரு சேவைக் கமிட்டி. அதன் காரியதரிசி அம்மாள் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் மனைவி. சீமையில் யுத்தத்துக்குப் பிறகு இப்படியெல்லாம் கூட்டம் நடத்துகிறார்கள் என்று எங்கிருந்தோ ஒரு பிரசுரம் அவருக்கு வந்திருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கல்யாணமாகாத டீச்சர் ஒருத்தியை அனுப்பும்படி கேட்டிருக்கிறார். கல்யாணமாகாதவளுக்குச் சாயந்திரத்தில் வேறு என்ன வேலை இருக்கப்போகிறது என்று தலைமையாசிரியை என்னைக் கைகாட்டிவிட்டார்.

காரியதரிசி அம்மாள் வீட்டுக் கூடத்தில் மூன்று நாள் பயிற்சி. பயிற்சி பெற்றவள் நான் ஒருத்திதான். மூன்று விதிகளை மனப்பாடம் செய்துகொள்ளச் சொன்னார். ஒன்று, எல்லோருக்கும் முறை வர வேண்டும், யாரையும் தாண்டிப் போகக்கூடாது. இரண்டு, “அது நடக்காது” என்று ஒருவரும் சொல்லக்கூடாது. மூன்று, ஒருவர் தான் கண்டதைச் சொல்லும்போது நடத்துகிறவர் குறுக்கே கேள்வி கேட்கக்கூடாது. ஏன் கேட்கக்கூடாது என்று கேட்டேன். பிரசுரத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார்.

எனக்கு ஒதுக்கிய இடம் சங்கு குளிக்கிறவர்கள் இருந்த தெரு. முத்துச் சலாபம், அதாவது அரசாங்கம் நடத்தும் முத்துக் குளிப்பு, நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கடலுக்கடியில் சிப்பி விளையவில்லை என்று அரசாங்கம் கைவிரித்துவிட, முத்துக் குளித்த குடும்பங்கள் எல்லாம் சங்கை நம்பித்தான் இருந்தன. ஆண்கள் விடியுமுன் கடலுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் மீன் விற்று, தண்ணீர் சுமந்து, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்குக் கால் கடுக்க நின்று, அதற்குப் பிறகுதான் என் கூட்டத்துக்கு வருவார்கள். மாதா கோயிலுக்குப் பின்னால் ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கும் ஓலைக் கொட்டகையை உபதேசியார் எங்களுக்குத் திறந்துவிடுவார். நான் சாயர்புரம் பக்கத்து வேறு சபைக்காரி என்பதை அவர் பெரிய மனதோடு பொறுத்துக்கொண்டார்.

முதல் நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கண்ணை மூடுங்கள் என்றேன். பன்னிரண்டு பெண்களும் கண்ணை மூடினார்கள், சிலுவை போட்டார்கள், ஒரே குரலில் பரலோக மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணை மூடு என்றால் அவர்களுக்கு ஜெபம்தான். நடுவில் நிறுத்துவது பாவம் என்று நானும் சேர்ந்து சொல்லி முடித்தேன். இரண்டாம் முறை மூடச் சொன்னபோது நாலு பேர் தூங்கிவிட்டார்கள். அவர்களை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. எனக்கும் அப்படித் தூங்கிவிடலாம் போலத்தான் இருந்தது.

“பத்து வருஷம் போயிட்டுன்னு வச்சுக்கிடுங்க. காலையில எழுந்து வாசலுக்கு வாரீங்க. என்ன பாக்கறீங்க?” இதுதான் நான் கேட்க வேண்டிய கேள்வி.

“நான் உசிரோட இருக்கனா டீச்சர்? அதை மொதல்ல சொல்லுங்க,” என்றாள் கருவாடு விற்கிற ஒருத்தி.

“இருக்கீங்க.”

“அப்ப எனக்கு முழங்கால் வலி போயிருக்கும். வலியோட பத்து வருசம் ஒருத்தி இருப்பாளா?”

இப்படியே ஓடியது. ஒருத்தி கோயிலுக்குப் புது மணி வந்துவிட்டதாகச் சொன்னாள். ஒருத்தி தன் மாமியார் ஊமையாகிவிட்டதாகச் சொல்ல, கொட்டகையே சிரித்தது. கையைப் பிசைந்துகொண்டு பேசாமல் இருந்தவர்கள்கூட ஆறாவது, ஏழாவது கூட்டத்தில் வாய் திறந்தார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் பத்து வருஷக் கூட்டம். நான் அறிக்கை எழுதி காரியதரிசி அம்மாளிடம் கொடுப்பேன். அவர் அதை ஒரு ஃபைலில் போட்டு நாடாவால் கட்டுவார். அந்த நாடா அவிழ்ந்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் தயங்கும்போதெல்லாம் நான் ஒன்று சொல்லுவேன்: “இங்க சொல்றது சும்மா நினைச்சுப் பாக்கறதுக்குத்தான். நெசமில்ல. இதை யாரும் பிடிச்சு வச்சுக்க மாட்டாங்க.” யாரைக் கேட்டு இந்த வாக்கைக் கொடுத்தேன் என்று பிற்பாடு பல நாள் என்னையே திட்டியிருக்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சங்கு குளிப்பவரின் மனைவி வருவாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள். கொட்டகையைப் பெருக்கி, எனக்கு உட்கார ஒரு ஓலைப்பாயை உதறிப் போட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் உட்காருவாள். அவளுக்கு ஒரு தம்பி உண்டு. எட்டாவது வரை படித்தவன். அவன்தான் அவள் புருஷனுக்குக் கயிறு பிடித்தான்.

கயிறு பிடிப்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். குளிக்கிறவர் ஒரு கல்லில் கால் வைத்து, இடுப்பில் கயிற்றோடு அடியில் இறங்குவார். மூச்சு முடிகிற நேரத்தில் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே வள்ளத்தில் நிற்கிறவன் அந்தக் கணமே இழுக்க வேண்டும். அசந்துவிட்டால் பிணம்தான் வரும். அதனால் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலியறுப்பதை எவனும் விரும்பமாட்டான் என்ற கணக்கு. அந்தத் தெருவில் கல்யாணத்தன்றே பெண்ணின் தம்பி நாலு பேர் முன்னால் கயிற்றைத் தொட்டு ஏற்றுக்கொள்வான். அதற்குப் பிறகு அவனாக விட முடியாது. வேறு வேலைக்குப் போக வேண்டுமென்றால் அந்த அக்காளே நாலு பேர் கேட்க அவனை அனுப்பிவைக்க வேண்டும். அவள் ஒரு தடவை சொல்லிவிட்டால் மறுபடி அவன் அந்தக் கயிற்றைத் தொடக்கூடாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்திருக்க வேண்டும். ஏழு கூட்டம் நடத்தியவள், அவர்களுடைய பத்து வருஷத்தைக் கேட்டேனே தவிர, அவர்களுடைய இன்றைய நாளைக் கேட்கவில்லை.

அது மாசி மாதம், ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம் தொடங்கிய முதல் செவ்வாய்க்கிழமை. வெயில் உப்பில் பட்டு வழியெல்லாம் கண்ணைக் கூசவைத்தது. தலைவலியோடுதான் வந்து உட்கார்ந்தேன். சீக்கிரம் முடித்துவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. முறை சுற்றி அவளிடம் வந்தது. வழக்கமாக, “எனக்கு ஒண்ணும் தெரியல டீச்சர்,” என்பாள். அன்றைக்குக் கண்ணை மூடியபடியே பேச ஆரம்பித்தாள்.

“வாசலுக்கு வாரேன். எந்தம்பி சட்டை போட்டுக்கிட்டு நிக்கான். மில்லு வேலைக்குப் போறான். சோத்துத் தூக்கை நாந்தான் எடுத்துக் கொடுக்கேன். அவன் கையைப் பாக்கேன். கயிறு இழுத்த காய்ப்பு ஒண்ணும் இல்ல. புள்ளைக் கை கணக்கா இருக்கு. இனிமே நீ கயித்தைத் தொட வேண்டாம்லேன்னு சொல்லுதேன்.”

இவ்வளவு நாளில் முதல் தடவையாக ஒருத்தி உண்மையிலேயே எதையோ கண்டு சொல்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. அந்த மிதப்பில் மூன்றாவது விதியை மறந்துவிட்டேன்.

“உங்க வீட்டுக்காரர்? அவர் என்ன செய்றார்?”

அவள் கொஞ்ச நேரம் தேடினாள். மூடிய இமைக்குள் கண் அங்குமிங்கும் ஓடியது எனக்குத் தெரிந்தது.

“அவுகளைக் காணோம் டீச்சர்,” என்றாள்.

சொன்னதும் கண்ணைத் திறந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த கருவாட்டுக்காரி மெல்லச் சிலுவை போட்டாள். “சொல்லிட்டா,” என்று யாரோ முணுமுணுத்தார்கள். அடுத்து முறை வந்தவள் எழுந்து, உலை வைக்க வேண்டும் என்று போய்விட்டாள். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். கூட்டம் நன்றாக நடந்ததாக நினைத்துக்கொண்டுதான் நான் வீட்டுக்கு நடந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம், அவள் பள்ளிக்கூட வராந்தாவில் வந்து நின்றாள். முக்காட்டை இழுத்து மூடியிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

நடந்ததைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் விஷயம் தெரு முழுக்கப் போய்விட்டது. புதன்கிழமை காலை தம்பி வள்ளத்துச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய், கயிற்றை அவர் காலடியில் வைத்துவிட்டு, “அக்கா சொல்லிட்டா,” என்றிருக்கிறான். மில்லில் அவனுக்கு ஒரு இடம் தயாராக இருந்தது. திங்கட்கிழமை போய் நின்றால் வேலை. மாசக்கணக்காக அவன் அதைச் சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டிருந்தது அக்காளுக்கு மட்டும் தெரியும். புருஷன் கூலிக்கு ஒருவனைப் பிடித்து அவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுக் கடலில் இறங்கிவிட்டார்.

“நேத்து மூக்குல ரெத்தத்தோட ஏறி வந்தாக. சுண்டினது அவனுக்குத் தெரியலையாம். பீடி பத்த வச்சுக்கிட்டு நின்னிருக்கான். இன்னைக்கும் அவனைத்தான் கூட்டிட்டுப் போயிருக்காக. போன வருசம் எங்க தெருவுல ஒருத்தரு இப்படித்தான் போய்ச் சேந்தாக டீச்சர்.”

“நான் என்ன செய்யணும்?”

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கொட்டகையில வச்சுப் பேசுதாக. நான் சொன்னது விளையாட்டுன்னு ஆயிட்டா, சொன்னதாகாது. தம்பி மறுபடி கயித்தைத் தொடலாம். அதை நான் சொன்னா எடுபடாது. கூட்டம் போட்டவுக நீங்க. நீங்க வந்து விளையாட்டுன்னு சொல்லுங்க.”

“ஆனா நீங்க சொன்னது...”

“நெசந்தான். அதனாலதான் ஒங்ககிட்ட வந்து நிக்கேன்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். பள்ளிக்கூட மணி அடித்தது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் வாய்ப்பாடு தப்பாகச் சொன்ன ஒரு பிள்ளையை அநியாயமாக அடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காரியதரிசி அம்மாள் வீட்டுக்குப் போனேன். முழுவதையும் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

“பாத்தியா, எப்பேர்ப்பட்ட பலன். ஒரு மீனவப் பெண் தன் மனசைத் திறந்து பேசியிருக்கா. இதை விரிவா எழுதிக் கொடு.”

“அந்த மனுஷன் செத்துப்போனா?”

“அதுக்கு நம்ம கூட்டம் எப்படிப் பொறுப்பாகும்? விளையாட்டுன்னு சொன்னியானா நம்ம வேலையையே நீ கேலி பண்றதா ஆயிடும். அப்புறம் எவ வாய் திறப்பா?”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உப்பளத்து வழியில் நடக்கும்போது இரண்டு பதிலையும் சொல்லிப் பார்த்தேன். உண்மை என்றால் தம்பி நாளைக்கு மில்லுக்குப் போவான், அவள் புருஷன் பீடி பிடிக்கிறவன் கையில் உயிரை வைப்பார். விளையாட்டு என்றால் அவர் பிழைப்பார், தம்பி ஆயுசுக்கும் கயிற்றோடு நிற்பான். பாதி வழியில் கால் கடுத்துப்போய் ஒரு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அவர்களாகவே எதையாவது முடிவு செய்துகொள்ளட்டும் என்று தோன்றியது. ஆனால் கேள்வி கேட்டவள் நான்.

கொட்டகையில் சம்மாட்டி நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் உபதேசியார். புருஷன் மூங்கில் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்தபடி இருந்தார். நெஞ்சு அகன்ற மனிதர், கண் இரண்டும் சிவந்து கிடந்தன. தம்பி நின்றுகொண்டிருந்தான். பெண்கள் பின்னால் நின்றார்கள், அவள் அவர்களுக்கும் பின்னால். எனக்கு யாரும் பாய் போடவில்லை.

சம்மாட்டி மரியாதையாகத்தான் கேட்டார். “டீச்சரம்மா, ஒங்க கூட்டத்துல பேசுதது பேச்சா, விளையாட்டா? நீங்க சொன்னா சரி.”

“விளையாட்டுத்தான்,” என்றேன். “கண்ணை மூடிக்கிட்டு இல்லாததை இருக்கிற மாதிரி சொல்ற விளையாட்டு. யார் சொன்னதும் சொன்னதாகாது. முதல் நாளே சொல்லித்தான் ஆரம்பிச்சேன்.”

பெண்கள் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. புருஷன் தலை நிமிரவில்லை. தம்பி மட்டும் என்னைப் பார்த்தான்.

“அக்கா என்ன சொன்னான்னு அப்படியே சொல்லுவியளா டீச்சர்? எனக்கு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாக.”

சொன்னேன். வாசல், சட்டை, சோற்றுத் தூக்கு, காய்ப்பு இல்லாத கை. கடைசியில் நான் கேட்ட கேள்வியையும் அதற்கு அவள் சொன்ன பதிலையும் விட்டுவிட்டேன். அவை அவனுக்கும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். ஆனாலும் அவள் புருஷன் இருக்கும்போது என் வாயால் வர வேண்டாம் என்று நினைத்தேன்.

அவன் கேட்டுக்கொண்டே தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு, “என்ன சட்டை?” என்றான்.

“அது சொல்லலை,” என்றேன்.

“வெள்ளை,” என்றாள் அவள், பின்னாலிருந்து.

விளையாட்டில் சொல்லாத ஒன்றை அவள் ஐந்து நாள் கழித்தும் அப்படியே கண்முன் பார்த்துச் சொன்னது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. உபதேசியார் தொண்டையைச் செருமினார். சம்மாட்டி காது கேளாதவர் போல இருந்தார். நல்ல மனிதர். “டீச்சரம்மா சொல்லிட்டாக, விளையாட்டுன்னு. அவ்வளவுதான்,” என்றார்.

கயிறு அவர் நாற்காலிக்குக் கீழே சுருட்டி வைத்திருந்தது. தம்பி குனிந்து அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். மச்சான் பக்கம் போய், “விடியக்காலம் வாரேன்,” என்றான். அந்த மனிதர் அப்போதுதான் வாய் திறந்தார்.

“மில்லுக்குப் போகணும்னா போலே. நான் பாத்துக்கிடுதேன்.”

“போகல,” என்றான் தம்பி. வெளியே போய்விட்டான்.

மறுநாள் மில்லில் அந்த இடம் வேறொருவனுக்குப் போனது. சங்கு குளிக்கும் பருவம் முடிகிறவரை அவள் புருஷன் நல்லபடியாகக் கடலிலிருந்து ஏறி வந்தார். நான் செய்தது சரிதான் என்று இதை வைத்துச் சொல்லிக்கொள்ளலாம். சில நாள் சொல்லிக்கொள்வேன். சில நாள் அந்தப் பையன் குனிந்து கயிற்றை எடுத்ததுதான் முன்னால் வரும், அன்றைக்கு எந்தச் சமாதானமும் ஒட்டாது.

கூட்டத்தை நிறுத்திவிடுவேன் என்று நினைத்திருந்தேன். காரியதரிசி அம்மாள் விடவில்லை, தலைமையாசிரியையும் விடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது கொட்டகை பெருக்கியிருந்தது. எல்லோரும் வந்திருந்தார்கள், அவளும்தான். ஆரம்பிக்குமுன் என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்:

“டீச்சர், கோவிச்சுக்கிடாதிய. எம்முறை வந்தா என்னைத் தாண்டிப் போயிருங்க.”

“அப்ப ஏன் வாரீங்க? வீட்டுல படுத்து எந்திரிக்கலாமே.”

“கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுக்கு ஒண்ணும் இல்லேல்ல?”

ஒன்றும் இல்லை என்றேன். சித்திரை முடிய அந்தக் கூட்டம் நடந்தது. அவள் ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை. நான் கேள்வியைச் சொன்னதும் எல்லோருக்கும் முன்னால் அவள்தான் கண்ணை மூடுவாள், எல்லோருக்கும் கடைசியில் திறப்பாள். நடுவில் உதடு மட்டும் லேசாக அசையும். முறை அவளிடம் வரும்போது நான் அடுத்தவளைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க,” என்பேன்.